வெங்காயத்தின் சத்தம்

சமையல் வகுப்புக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது என்று மகள் சொன்னதும் மாஸ்டரம்மா சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கா? அங்க போய் நான் கத்துக்கணுமா, இல்ல அவங்க கத்துக்கணுமா?"

"யாரும் ஒண்ணும் கத்துக்க வேணாம்மா. எட்டு பேர் சேர்ந்து சமைக்கிறாங்க, சேர்ந்து உக்காந்து சாப்பிடுறாங்க. சுத்திப் பாக்க வந்தவங்கதான் நிறைய வருவாங்களாம். மியூசியம்னா உனக்கு முட்டி வலிக்குது. கடைத்தெருன்னா கால் மணி நேரத்துல சலிச்சுப் போகுது. அடுப்புப் பக்கம் நின்னாதான் உனக்கு உசுரே வருது. பேசாம வா."

மாமியார் ஊரிலிருந்து வந்த ஒரு வாரத்தில் மாப்பிள்ளைக்கு இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டி வந்திருந்தது. வகுப்புக்குப் போய் மாமியார் எதையாவது மறந்துவிட்டு வந்தால்கூட நல்லதுதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டரம்மா கல்யாண விருந்துகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவள். ஐம்பத்தெட்டு வயது. அந்தத் தொழிலில் கரண்டி பிடிக்கும் ஆம்பளைகளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் வந்தபோது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் யாரோ பின்னால் ஓர் அம்மாவை ஒட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாக அது உரியவில்லை. எண்ணூறு பேர் பந்திக்கு என்றாலும் துண்டுச் சீட்டில் எழுத மாட்டாள். உள்ளங்கையில் உப்பை ஏந்தி ஒரு தரம் எடை பார்ப்பாள், போடுவாள், திரும்பிப் பார்க்காமல் அடுத்த அண்டாவுக்குப் போய்விடுவாள். ருசி பார்த்துப் பார்த்துச் சமைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். "கையில நம்பிக்கை இல்லாதவந்தான் நாக்கை நீட்டுவான்" என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் பதினான்கு மாதமாக ஒரு ரகசியம் இருந்தது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அவளுடைய மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் வாசனை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாததுபோல் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றிருந்தாள். ஒரு மாதம் போயிற்று. ஆவி பிடித்தாள், யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போய் வந்தாள். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அந்தப் பதில் சொல்ல அவர் எதற்குப் படித்தார் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வேலையை விடவில்லை. கை அளவு கையில்தான் இருந்தது. கண்ணும் காதும் இருந்தன. சந்தேகமாக இருந்தால் கூடவே சமையலுக்கு வருகிற தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "உப்பு பாரு" என்பாள். அவள் முகத்தை வைத்து வாசனை கூடிவந்ததா என்று தெரிந்துகொள்வாள். மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. விட்டால், "போதும்மா, கரண்டியைக் கீழ போட்டுட்டு எங்ககூட வந்து இரு" என்று ஐந்து வருடமாகப் பாடுகிற பாட்டுக்கு வாத்தியமும் சேர்ந்துவிடும்.

வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான மரப்படி ஏறினால் ஒரு நீண்ட அறை. நடுவில் அறையின் நீளத்துக்கு ஒரு ஸ்டீல் மேஜை. சுவரோரமாக நான்கு அடுப்புகள், ஒரு பெரிய ஓவன். ஆணிகளில் நீல ஏப்ரன்கள் தொங்கின. மாஸ்டரம்மா முதலில் கத்தியை எடுத்துக் கட்டை விரலால் கூர் பார்த்தாள். அடுத்து வாணலியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளிடம், "பரவால்ல, தொழில் தெரிஞ்சவங்கதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

டீச்சர் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரி. ஒட்ட வெட்டிய நரை முடி, முழங்கை வரை மாவு. பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுகிற ஆள். அவள் பேசிய மொழி மாஸ்டரம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. மகள்தான் காதோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் சீக்கிரமே வேட்டு வைத்தார்கள். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்து நிற்கக் கூடாது, புது ஆளோடுதான் ஜோடி சேர வேண்டும் என்பது வகுப்பின் சட்டமாம்.

மகளுக்குப் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் ஜோடியாக வந்தாள். மாஸ்டரம்மாவுக்கு வாய்த்தவர் கதவு அகலத்துக்கு ஓர் ஆள். முப்பது வருடம் பஸ் ஓட்டி, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர் என்று மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகள் கத்திச் சொன்னாள். பஸ்காரர் குனிந்து வணக்கம்போல் ஏதோ செய்தார். பிறகு வெங்காயத்தை எடுத்து வைத்து, கத்தியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா, ஐயா, இது ஸ்டியரிங் இல்ல. ஒரு கையால பிடிங்க. இன்னொரு கை விரலை இப்படி மடக்கிக்கணும். ம்... மெதுவா. பிரேக் மேலயே காலை வச்சுக்கோங்க."

தமிழில்தான் சொன்னாள். பஸ்காரர் தம்முடைய மொழியில் ஏதோ பதில் சொன்னார். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, வேலை மட்டும் நடந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் வெங்காயம் சீராக விழுந்திருந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, அவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அறையே கைதட்டியது. உள்ளே காய்கறி வைத்து மூடிச் சுடுகிற ரொட்டி, ஒரு சூப், கடைசியில் பழத்தில் ஓர் இனிப்பு என்பது அன்றைய திட்டம். மாவு பிசைகிற முறை வந்தபோது மாஸ்டரம்மா இரண்டு தரம் அழுத்தி, ஒரு தரம் மடித்து, மற்ற ஜோடிகளின் மாவையும் தொட்டுப் பார்த்து, "இதுக்கு இன்னும் தண்ணி வேணும்", "இதை அடிச்சது போதும், அழுதுடும்" என்று தீர்ப்புச் சொல்லியபடி ஒரு சுற்று வந்துவிட்டாள். டீச்சர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். கோபமா என்று மகள் பயந்தாள். டீச்சர் சிரித்தாள்.

மாவு ஊறும் நேரத்துக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிவிடுவார்கள். பத்துச் சின்னக் குப்பிகள். மோந்து பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும்.

மகள் அதை விளக்கியபோதே மாஸ்டரம்மாவின் கண் கழிப்பறைக் கதவைத் தேடியது. ஆனால் மகள் முந்திக்கொண்டாள். கையை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி ஏதோ அறிவித்தாள். எட்டு முகமும் மாஸ்டரம்மாவின் பக்கம் திரும்பியது.

"என்னடி சொன்னே?"

"எங்கம்மா எண்ணூறு பேருக்குச் சமைக்கிறவங்க, முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க, பத்துக்குப் பத்து அடிப்பாங்கன்னு சொன்னேன்."

பெற்றதற்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் போய் நின்றாள். தயங்கி நின்று பழக்கமில்லாத உடம்பு அது. டீச்சர் கண்ணைக் கட்டி, முதல் குப்பியைக் கையில் கொடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். வெறும் காற்று. குப்பியைக் கீழே வைக்கப் போனவள், சட்டென்று அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கினாள். உருண்டு ஓடியது.

"மிளகு."

அடுத்தது மணலைப்போல் சரிந்தது. "சீரகம்." மூன்றாவது கட்டை கட்டையாக மோதியது. "பட்டை." நான்காவது, உருளவும் இல்லாமல் சரியவும் இல்லாமல் கண்ணாடியைக் கீறிக்கொண்டு போயிற்று. "கிராம்பு. காம்பு இருக்குல்ல, இழுக்குது."

அறை ஆரவாரித்தது. இதற்குள் டீச்சருக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஐந்தாவது குப்பியை மாஸ்டரம்மாவின் கையில் கொடுக்காமல் தானே பிடித்து, அவள் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அசைக்கவில்லை. குளிர்ந்த கண்ணாடி மேலுதட்டில் பட்டது. அவ்வளவுதான்.

"என்னம்மா, சொல்லு" என்றாள் மகள்.

ஆறாவது குப்பி வந்தது. அதிலும் ஒன்றுமில்லை. அம்மா வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று மகள் சிரித்தாள். "அம்மா, அது காபித்தூள்! எனக்கு இங்க நின்னாலே வாசனை வருது!"

மாஸ்டரம்மா கட்டைத் தானே அவிழ்த்தாள். ஒரு கணம் வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே முன்பின் தெரியாத முகங்கள். இவர்களில் யாரும் அவளிடம் கல்யாணத்துக்குச் சமையல் சொல்லப் போவதில்லை. ஒருவரும் ஊருக்குப் போய்ச் சொல்லப் போவதில்லை. பதினான்கு மாதமாகத் தொண்டையில் நின்றது அப்படியே வந்துவிட்டது.

"எனக்கு மூக்கு வேலை செய்யல. ஒரு வாசனையும் தெரியாது. போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேருந்து இப்படித்தான்."

அந்த அறையில் அது புரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான். மற்ற எல்லோரும் என்ன சொன்னாள் என்று கேட்பதுபோல் அந்த ஒருத்தியைப் பார்த்தார்கள். மகள் ஏப்ரன் முனையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கேட்ட சேதியை அப்போதே அவள் இன்னொரு மொழியில் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது, விழுங்கிக்கொண்டு மீதியையும் சொன்னாள்.

யாரோ 'ஐயோ' என்பதுபோல் ஒரு சத்தம் எழுப்பினார்கள். மாஸ்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பரிதாபம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாத பதார்த்தம். டீச்சர்தான் காப்பாற்றினாள். பத்துக் குப்பியையும் ஒரே கையால் மேஜை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மகளிடம் எதையோ கேட்டாள்.

"அப்ப எப்படிச் சமைக்கிறீங்கன்னு கேக்கிறாங்கம்மா" என்றாள் மகள். அந்தக் கேள்வி அவளுடையதாகவும் இருந்தது.

"சொல்றது என்ன, காட்டுறேன். அந்த வாணலியை எடு."

எண்ணெய் ஊற்றினாள். காய்ந்ததும் பஸ்காரர் அரிந்த வெங்காயத்தைக் கொட்டினாள். கரண்டியை மகளின் கையில் கொடுத்துக் கிண்டச் சொல்லிவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்ப நான் சொல்றதைச் சொல்லு. முதல்ல பெருமழை மாதிரி கொட்டும். அது வெங்காயத்துல இருக்கிற தண்ணி. அப்புறம் மழை குறையும். குறைஞ்சு தூறலாகும். தூறல் சன்னமாகி, ஒண்ணு ரெண்டு சொட்டு மாதிரி கேக்கும் பாரு, அந்த நேரம்தான் பொன் நிறம். அதைத் தாண்டினா கருகல்."

அறை அமைதியானது. கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெருமழை பெய்தது. டீச்சர் ஓடிப்போய் மேலே இரைந்துகொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினாள். மழை குறைந்தது. மாஸ்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடி தலையை லேசாகச் சாய்த்து நின்றாள்.

"இப்ப எடு."

மகள் இறக்கினாள். வாணலி முழுக்க ஒரே பொன் நிறம், ஒரு துண்டுகூடக் கருகவில்லை. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. நான்கு அடுப்பையும் பற்ற வைத்துவிட்டார்கள். ஒருவர் கிண்ட, ஒருவர் கண்ணை மூடி முதுகைக் காட்டி நிற்பது. அவசரக்காரியான புதுப்பெண் மழையிலேயே எடுக்கச் சொல்லிவிட்டாள். இன்னொருவர் ரசித்துக் கேட்டுக்கொண்டே நின்று புகை வரும்வரை விட்டுவிட்டார். பஸ்காரர் மட்டும் முதல் தடவையே சரியாகச் சொன்னார். முப்பது வருடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ஓட்டியவன், எந்த நொடியில் கியர் மாற்ற வேண்டும் என்று காது சொல்லும், இதுவும் அதுதான் என்றார். மகள் அதை மொழிபெயர்த்ததும் மாஸ்டரம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு கவலைப்படாதீங்க. எங்க ஊருக்கு வாங்க, ரெண்டாவது அடுப்பு உங்களுக்குத்தான்."

ரொட்டி ஓவனுக்குள் போன பிறகுதான் அம்மாவும் மகளும் தனியாக நின்றார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியருகே. மகள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே?"

"வேலையை விடுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"சிரிக்காதே. கேஸ் கசிஞ்சா உனக்கு எப்படித் தெரியும்? காதால கேப்பியா?"

மாஸ்டரம்மா குழாயை மூடினாள்.

"தெரியாதுதான்" என்றாள். "எனக்கும் அந்த பயம் உண்டு. விடிகாலையில சமையற்கட்டைத் திறக்கும்போது முதல்ல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, பத்து நிமிஷம் வெளிய நிக்கிறேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

மகள் கிண்ணத்தை வைத்துவிட்டு ஈரக் கையாலேயே அம்மாவின் தோளைப் பிடித்தாள். "சரி, வேலையை விடச் சொல்லல. ஆனா கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. இத்தனை அந்நியங்ககிட்ட சொன்னதைச் சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாதா?"

ஒரே மேஜையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து மூக்கு முட்டச் சாப்பிட்ட பிறகு, மாஸ்டரம்மா ஜன்னலோரமாகப் போய்த் தம்பி மனைவிக்கு வீடியோவில் போன் போட்டாள். மகள் பக்கத்தில் நின்றாள். திரையில் தம்பி மனைவி வந்தாள். பின்னால் அண்டாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி."

"எனக்கு வாசனை தெரியலடி. பதினாலு மாசமாச்சு."

தம்பி மனைவி திகைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது எங்களுக்குத் தெரியும் அண்ணி."

"என்னது?"

"உப்பு பாருன்னு என்னைக் கூப்பிட்டீங்கல்ல, அன்னிக்கே தெரியும். அத்தனை வருஷத்துல நீங்க யாரை உப்பு பாக்கச் சொல்லியிருக்கீங்க? கேஸ் குழாயை நாங்கதான் ஆள் மாத்தி ஆள் தினம் பாக்கிறோம். நீங்க வர்றதுக்கு அரை மணி முன்னாடியே வந்து பாத்துடுவோம்."

மாஸ்டரம்மாவுக்குக் காது சூடாயிற்று. இத்தனை நாள் தான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை சமையற்கட்டின் ஆறு பேரும் சேர்ந்து பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். கத்தலாமா என்று பார்த்தாள். கத்துவதற்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. அதற்குப் பதில் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற மகளும் சிரித்தாள், அழுதாள், இரண்டும் செய்தாள்.

"திருட்டுக் கழுதைங்களா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அடுப்பங்கரையில நாங்க நின்னிருக்க முடியுமா? உங்க கோவம் எங்களுக்குத் தெரியாதா?"

"சரி, கேட்டுக்கோ. இனிமே ஒளிவு மறைவு இல்ல. ஒவ்வொரு அண்டாவுக்கும் நீ என் பக்கத்துல நிக்கிறே. வாசனை உன் பொறுப்பு. நீ சரின்னாதான் இறக்கணும்."

தம்பி மனைவி சமயம் பார்த்துக் கேட்கத் தெரிந்தவள். "நிக்கிறேன். ஆனா நான் சொன்னா சொன்னதுதான். 'உனக்கென்னடி தெரியும்'னு எல்லார் முன்னாடியும் சொல்லக் கூடாது."

மாஸ்டரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகள் 'சொல்லு' என்று புருவத்தை உயர்த்தினாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்று மாலை படியிறங்கும்போது டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டுமாம். சமைக்க அல்ல, வகுப்பு எடுக்க. மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாஸ்டரம்மா, "எத்தனை பேருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பஸ்காரர் தம் மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் நின்றார். அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு பேச, மகள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்ல, வகுப்பு ஒரு மணி நேரம் கூடவே இழுத்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று மகள் பெட்டியில் கேஸ் கசிந்தால் அலறும் கருவிகள் இரண்டை வைத்தாள். கரண்டியைக் கீழே போடு என்ற பாட்டை அவள் அன்று பாடவில்லை.

திரும்பி வந்து எடுத்த முதல் கல்யாணம் எழுநூறு பேருக்கு. காலை ஏழு மணி. பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டரம்மா கொதியின் சத்தத்தைக் கேட்டாள், நிறத்தைப் பார்த்தாள், "இறக்கு" என்றாள். இரண்டு பேர் துணியோடு அண்டாவின் காதைப் பிடித்தார்கள்.

"இறக்காதீங்க" என்றாள் தம்பி மனைவி.

சமையற்கட்டில் எல்லாக் கையும் அப்படியே நின்றது.

"மல்லி வாசனை பத்தல அண்ணி. இன்னும் ரெண்டு கட்டு போடணும். அஞ்சு நிமிஷம் கொதிக்கணும்."

மாஸ்டரம்மாவின் வாய் வரை ஒன்று வந்தது. ஆறு பேரும் அது வெளியே வருகிறதா என்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் அதை மென்று விழுங்கினாள். பிறகு திரும்பி, கொத்தமல்லிக் கூடையருகே நின்றவர்களைப் பார்த்து, "காதுல விழலையா? ரெண்டு கட்டு!" என்று போட்ட சத்தம் பந்தி வரை கேட்டது.